‘பிழைக்க வந்தவர்’ எப்போது ஊர்க்காரர் ஆகிறார்?

சேலத்தில் ஒரு குடும்பத்தைப் பற்றி விசாரித்தால், “அவங்க பொழைக்க வந்தவங்க” என்று பதில் வருவது இன்றும் உண்டு. சொல்பவர் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. அடையாளம் காட்டுவதற்காகச் சொல்கிறார், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தெருவில் இருபது ஆண்டுகளாக வாடகை கொடுத்து, இங்கேயே பிள்ளைகளைப் பெற்று வளர்த்த ஒருவரின் காதில் அது விழும்போது, அந்த இருபது ஆண்டுகளும் ஒரு நொடியில் கணக்கில் இல்லாமல் போய்விடுகின்றன. ஓர் ஊருக்கு வந்து சேர்வது ஒரு நாள் வேலை. அந்த ஊரைச் சேர்ந்தவர் ஆவது எப்போது, எதனால் நிகழ்கிறது என்பதை அறிஞர்கள் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் கண்டறிந்தவற்றில் முக்கியமானவற்றை, நம் ஊர்க் கண்ணால் பார்த்து விளக்க முயல்கிறேன்.

இந்தப் பொருள் தமிழுக்குப் புதிதன்று. ‘புலம்பெயர்’ என்ற சொல்லே சங்கப் பாட்டில் வருகிறது; பல மொழி பேசுவோர் தம் நாடு விட்டு வந்து கலந்து இனிது வாழ்ந்த ஊராகக் காவிரிப்பூம்பட்டினம் அங்கே பேசப்படுகிறது. இக்காலத்து ஆய்வாளர்கள் இதற்குப் பண்பாட்டுத் தகவமைவு என்று பெயர் தருகிறார்கள். ராபர்ட் ரெட்ஃபீல்டு, ரால்ஃப் லிண்டன், மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் என்ற மூன்று அமெரிக்க மானுடவியலாளர்கள் 1936-ல் இதற்கு ஒரு வரையறை கொடுத்தார்கள். வெவ்வேறு பண்பாட்டைச் சேர்ந்த மக்கள் தொடர்ந்து நேருக்கு நேர் பழகும்போது, இரு தரப்பில் ஒன்றிலோ இரண்டிலுமோ உண்டாகும் மாற்றமே தகவமைவு என்பது அதன் சாரம். ‘இரண்டிலுமோ’ என்ற சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வந்தவர் மட்டுமே மாற வேண்டும் என்ற எண்ணம் பொதுப்பேச்சில் மிக வலுவாக இருக்கிறது. வரையறையோ தொடக்கத்திலேயே இருந்தவரையும் சேர்த்துக்கொண்டுவிட்டது.

பொன்னம்மாப்பேட்டையில் நான் குடியிருக்கும் தெருவில் சில வீடுகளில் சௌராஷ்டிர மொழி பேசுகிறார்கள். அவர்களுடைய முன்னோர் பட்டு நெசவாளர்கள். குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் புறப்பட்டு, படிப்படியாகத் தெற்கே வந்து, மதுரை, கும்பகோணம், பரமக்குடி, சேலம் என்று தறிக்கு இடம் கிடைத்த ஊர்களில் தங்கியவர்கள். எதிர்வீட்டு அம்மாள் திண்ணையில் உட்கார்ந்து என்னிடம் பட்டு நூல் விலையைப் பற்றித் தமிழில் பேசிக்கொண்டிருப்பார். உள்ளேயிருந்து பேரன் கூப்பிட்டால் அதே மூச்சில் சௌராஷ்டிரத்தில் அதட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தமிழைத் தொடர்வார். மொழி மாறியது என்ற நினைவே அவர் முகத்தில் தெரியாது. அவரைப் ‘பிழைக்க வந்தவர்’ என்று இந்தத் தெருவில் யாரும் சொல்வதில்லை. அவருடைய வீட்டு மொழியோ சேலத்தின் மொழியாக ஒருநாளும் ஆகவில்லை.

மலையேறினால் இன்னொரு சான்று கிடைக்கும். ஏற்காட்டுக்குச் சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் பலர், சேர்வராயன் மலையில் வாழும் ‘மலையாளி’ மக்களைக் கேரளத்தார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் பேசுவது தமிழ். மலையில் வாழ்வதால் வந்த பெயர் அது. காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் கிளம்பி வந்து வெவ்வேறு மலைகளில் தங்கினார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. மலை உச்சியில் சேர்வராயன் கோயிலுக்கு ஆண்டுதோறும் விழா எடுக்கும் அந்த மக்களைவிட அந்த மலைக்கு உரியவர்கள் யாரும் இல்லை. ஆயினும் தாங்கள் வேறோர் இடத்திலிருந்து வந்தவர்கள் என்பதை அவர்களே மறக்காமல் சொல்கிறார்கள். வந்த கதையை நினைவில் வைத்திருப்பதும் இந்த மண்ணுக்கு உரியவராக இருப்பதும் ஒன்றுக்கொன்று பகையில்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில்தான் இத்துறையின் மிக முக்கியமான கருத்து வருகிறது. குடியேறியவரின் மாற்றத்தை ஒரே கோட்டில் நடக்கும் பயணமாகவே முன்பு பலரும் எண்ணினார்கள். கோட்டின் ஒரு முனையில் பழைய பண்பாடு, மறுமுனையில் புதிய பண்பாடு. புதியதை நோக்கி எவ்வளவு நகர்கிறோமோ அவ்வளவு பழையதை இழந்தாக வேண்டும். கனடாவின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜான் பெர்ரி இந்த எண்ணத்தை மாற்றினார். குடியேறியவர் முன் ஒரு கேள்வி இல்லை, தனித்தனியான இரண்டு கேள்விகள் இருக்கின்றன என்றார். தன் பண்பாட்டையும் அடையாளத்தையும் காத்துக்கொள்ள விரும்புகிறாரா என்பது ஒன்று. புதிய சமூகத்தாரோடு பழகி உறவாட விரும்புகிறாரா என்பது மற்றொன்று. ஒன்றுக்கு ‘ஆம்’ என்றால் மற்றதற்கு ‘இல்லை’ என்றுதான் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. இரண்டுக்கும் ‘ஆம்’ என்பவர் இணைந்து வாழ்கிறார். தன்னுடையதை விட்டுவிட்டுப் புதியதை மட்டும் பற்றிக்கொள்பவர் கரைந்துபோகிறார். தன்னுடையதை மட்டும் பிடித்துக்கொண்டு வெளியே யாரோடும் சேராதவர் தனித்து நிற்கிறார். இரண்டும் கைவிட்டுப் போனவர் விளிம்பில் தங்கிவிடுகிறார். இந்த நான்காவது நிலையை எவரும் விரும்பித் தேர்ந்தெடுப்பது அரிது, பெரும்பாலும் அது ஒருவர் மேல் வந்து விழுகிறது.

என் எதிர்வீட்டு அம்மாளின் திண்ணைப் பேச்சு முதல் வகை. ‘ஊரோடு ஒத்து வாழ்’ என்று நம் பழமொழி சொல்கிறது. வீட்டுக்குள் எந்த மொழியில் பேரனை அதட்ட வேண்டும் என்பதில் அது தலையிடவில்லை. பெர்ரியும் அவருடன் பணியாற்றியவர்களும் 13 நாடுகளில், குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்த 5,000-க்கும் மேற்பட்ட இளையோரிடம் நடத்திய ஆய்வு 2006-ல் வெளிவந்தது. இரு பண்பாட்டோடும் உறவு வைத்திருந்தவர்களே அதில் பெரிய குழுவாக இருந்தார்கள். மன நலத்திலும் பள்ளியிலும் வெளிவாழ்விலும் பொதுவாக அவர்களே நன்றாக இருந்தார்கள். இந்த நான்கு நிலைகளை மனிதர்களின் நெற்றியில் ஒட்டும் சீட்டாக எடுத்துக்கொள்வது தவறு. வேலை செய்யும் இடத்தில் முழுக்க உள்ளூராராகவும், திருமணப் பேச்சு வந்தால் முழுக்கத் தன் ஊராராகவும் ஒரே மனிதர் இருப்பதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம்.

இனி, புதிய இடத்துக்குப் போன மனத்துக்கு என்ன நேர்கிறது என்று பார்ப்போம். என் அக்காள் மகள் இங்கே பல் மருத்துவம் படித்துவிட்டு, திருமணமாகிக் கனடாவில் டொரண்டோ நகருக்குப் போனாள். முதல் இரண்டு மாதங்கள் தொலைபேசியில் அவள் குரலில் இருந்த குதூகலம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஏரி, பனி, சுத்தமான ரயில் என்று எல்லாமே அதிசயமாக இருந்தன. நான்காம் மாதம் அழுதாள். அவள் சொன்ன காரணம் மிகச் சிறியது: “சாப்ட்டியான்னு கேக்க ஒருத்தருமில்ல சித்தி.” பக்கத்து வீட்டார் சிரித்து, வானிலையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள்; அது அங்கே மரியாதை. நம் ஊரில் வீட்டுக்குள் கூப்பிடாமல் வாசலோடு பேசி அனுப்புவது விலக்கிவைப்பதற்கு அடையாளம். ஒரே செயலுக்கு இரண்டு ஊரில் இரண்டு பொருள். தான் ஏதோ தவறு செய்துவிட்டதால்தான் யாரும் நெருங்கவில்லை என்று அந்தப் பெண் பல வாரங்கள் மனத்துக்குள் குமைந்திருக்கிறாள்.

இந்தத் தடுமாற்றத்துக்குப் பண்பாட்டு அதிர்ச்சி என்று பெயர். அந்தப் பெயரைப் பரவச் செய்தவர் 1950-களில் இதைப் பற்றிப் பேசிய மானுடவியலாளர் கலெர்வோ ஓபர்க். அவரே கனடாவில் குடியேறிய ஃபின்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர். எப்போது கை குலுக்குவது, எப்போது அழைப்பை ஏற்பது, எப்போது மறுப்பது என்று நமக்கே தெரியாமல் நாம் சார்ந்திருக்கும் நூற்றுக்கணக்கான சிறு குறிப்புகள் ஒரே நாளில் பயனற்றுப் போவதால் வரும் பதற்றம் அது என்று அவர் விளக்கினார். நார்வேயைச் சேர்ந்த ஸ்வேர்ரே லிஸ்கார்டு, அமெரிக்காவில் தங்கித் திரும்பிய தம் நாட்டினரிடம் கேட்டு எழுதிய ஆய்வு 1955-ல் வந்தது. ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்களும் பதினெட்டு மாதத்துக்கு மேல் தங்கியவர்களும் நன்றாகப் பொருந்தியிருந்தார்கள். இடைப்பட்ட காலம் தங்கியவர்களே அதிகம் துன்பப்பட்டிருந்தார்கள். மகிழ்ச்சி, சரிவு, மீட்சி என்ற இந்த வளைவு எல்லோருக்கும் பொருந்துவதில்லை. பலருக்கு முதல் நாளே கடினமான நாளாக இருக்கிறது. அகதியாகப் போனவருக்குத் தொடக்கத்தில் குதூகலம் ஏது? ஆனாலும், சரிவு என்பது தன் குறையால் வந்ததன்று, பலரும் கடந்து போகும் வழிதான் என்று அறிவதே சிலருக்குப் பாதி மருந்தாகிறது. என் அக்காள் மகளுக்கு அப்படி ஆயிற்று.

இன்னொரு வேறுபாட்டையும் தொடக்க வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் நியூசிலாந்துக்குப் படிக்கப் போன மாணவர்களை ஆராய்ந்து, கொலீன் வார்டும் அவருடன் பணியாற்றியவரும் 1990-ல் ஒன்றைத் தெளிவாக்கினார்கள். நடைமுறைக்குப் பழகுவது வேறு, மனம் நிலைகொள்வது வேறு. பேருந்து எண், வங்கி விண்ணப்பம், கடையில் பேசும் முறை ஆகியவை காலத்தோடு சீராகக் கைவந்துவிடும். மனத்தின் அமைதி அப்படி வருவதில்லை. அது நட்பையும், தனிமையையும், ஊரில் அம்மாவின் உடல்நிலையையும் பொறுத்து ஏறி இறங்கும். எல்லாம் தெரிந்து திறமையாக நடமாடுகிறவர் உள்ளே நொறுங்கிக் கிடக்கலாம். பல் மருத்துவம் படித்தவள் அங்கே மீண்டும் தேர்வு எழுதி உரிமம் பெறும்வரை இன்னொருவருக்குக் கருவி எடுத்துக் கொடுக்கும் உதவியாளராக இருந்தாள். அந்த வேலையை அவள் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டாள். அதை ஏற்றுக்கொள்ள மனத்துக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

குடும்பத்துக்குள் பிள்ளைகள் வேகமாகவும் பெற்றோர் மெதுவாகவும் மாறுவது, வெளியிலிருந்து பார்ப்போருக்குத் தெரியாத பெரிய சுமை. எங்கள் தெருக்கோடியில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. தகப்பனார் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை செய்கிறார். சட்டப்படி அவர் இந்த நாட்டுக் குடிமகன், அயல்நாட்டிலிருந்து குடியேறியவர் அல்லர். ஆனால் எழுத்தும் பேச்சும் புரியாத ஊரில் வந்து நிற்கும் மனத்துக்கு நாட்டெல்லையைத் தாண்டினோமா இல்லையா என்பது பெரிய வேறுபாடாக இருப்பதில்லை. அந்த வீட்டுப் பெண்ணுக்கு உடல்நிலை சரியில்லாமல் போனபோது துணைக்கு நானும் மருத்துவமனைக்குப் போனேன். மருத்துவர் தமிழில் நிறையப் பேசினார். பதினொரு வயது மகள் கேட்டுக்கொண்டு, தாயிடம் ஒடியாவில் இரண்டே சொற்கள் சொன்னாள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆன்ட்டி, கட்டின்னு சொன்னா அம்மா அழுவாங்க. சொல்லணுமா?” என்று கேட்டாள். தாய்க்கு எதைச் சொல்வது, எதை மறைப்பது என்ற முடிவு அன்று அந்தச் சிறுமியின் தலையில் இருந்தது. உலகெங்கும் குடியேறிய குடும்பங்களில் பிள்ளைகளே மொழிபெயர்ப்பாளர்களாகி, பெற்றோர் பிள்ளைகளைச் சார்ந்திருக்கும்படி ஆவதை ஆய்வாளர்கள் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். மருத்துவமனையில் மொழி தெரிந்த ஒரு பெரியவர் இருப்பதைச் சலுகை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதுவரை வந்தவரைப் பற்றியே பேசினோம். 1936-ன் வரையறை நினைவூட்டிய மறுதரப்புக்கு வருவோம். மேற்கு ஜெர்மனி போருக்குப் பின் ஆலைகளுக்கு ஆள் தேடி, 1955-ல் இத்தாலியோடும் 1961-ல் துருக்கியோடும் ஒப்பந்தம் செய்துகொண்டது. வந்தவர்களுக்கு அங்கே வழங்கிய பெயரின் பொருள் ‘விருந்தாளித் தொழிலாளி’. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நாம் அறிந்ததே. விருந்தாளி என்று பெயர் வைத்தபோதே, என்றைக்காவது கிளம்பிவிட வேண்டும் என்பதும் அதில் அடங்கிவிட்டது. அவர்கள் தங்கினார்கள், பிள்ளை பெற்றார்கள். ஆனால் குடியுரிமை பெரும்பாலும் வம்சாவளி வழியாகவே கிடைத்ததால், அங்கேயே பிறந்த பிள்ளைகளும் சட்டத்தின் கண்ணில் அயலாராகவே இருந்தார்கள். 2000-ல் நடைமுறைக்கு வந்த சட்டம்தான் சில நிபந்தனைகளோடு பிறப்பால் குடியுரிமை பெற வழி திறந்தது. கனடாவோ 1971-ல் பல்பண்பாட்டுக் கொள்கையை அரசின் கொள்கையாக அறிவித்து, 1988-ல் சட்டமாக்கியது. ஐந்து ஆண்டுகளுக்குள் 1,095 நாள்கள் அங்கே வாழ்ந்த நிரந்தரக் குடியிருப்பாளர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். கதவு திறந்திருக்கும் நாட்டிலும் பட்டத்துக்கு மதிப்பில்லாமல் தவித்தவளைப் பற்றி மேலே சொன்னேன். ஆகவே சட்டம் ஒன்றே போதும் என்று சொல்ல மாட்டேன். சட்டம் கதவை மூடியே வைத்திருந்தால், உள்ளே போகும் வழியை வந்தவர் தனியே கண்டுபிடித்துவிட முடியாது என்பது மட்டும் உறுதி.

இந்த உண்மையை நம்மவர் பட்ட துன்பத்தில் மிகக் கூர்மையாகக் காணலாம். சேலம், திருச்சி, மதுரை எனப் பல மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் மூலம் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வழிவந்தோர், 1948-ல் அந்நாடு இயற்றிய குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர் ஆனார்கள். 1964-ல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974-ல் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. தேயிலைக் கொழுந்து கிள்ளிய கைகளோடு, தாத்தா சொன்ன ஊர்ப்பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வந்து இறங்கியவர்கள் இங்கே ‘சிலோன்காரர்’ ஆனார்கள். அங்கே இருந்தவரை அவர்கள் ‘இந்தியத் தமிழர்’. மொழி ஒன்றே, தெய்வம் ஒன்றே, உணவும் ஏறத்தாழ ஒன்றே. தகவமைவுக்கு வேண்டியவை என்று நாம் நினைக்கும் எல்லாம் அவர்களிடம் இருந்தும், உரியவர் என்ற உணர்வு தானாக வரவில்லை. 1983-க்குப் பின் போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழரின் நிலை வேறு வகை. நம் மாவட்டத்திலும் அவர்களுக்கான முகாம்கள் இருக்கின்றன. 2021-ல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது நல்ல செயல். ஆனால் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்தும் குடியுரிமை இல்லாமல் இருக்கிறவர்கள் அந்த முகாம்களில் பலர்.

உரியவர் என்ற உணர்வு எதனால் வருகிறது என்ற கேள்விக்கு எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஒரு பழைய விடை இருக்கிறது. மாரியம்மன் பண்டிகை வந்தால் ஊரில் தலைக்கட்டு வரி போடுவார்கள். குடும்பத்துக்கு இவ்வளவு என்று வீடு வீடாக வாங்குவார்கள். யார் பெயர் அந்தக் கணக்கில் இருக்கிறதோ அவர் ஊர்க்காரர். ஊர் நமக்கு என்ன கொடுத்தது என்பதைவிட, ஊர் நம்மிடம் உரிமையோடு எதைக் கேட்டது என்பதே இங்கே அளவுகோல். தலைமுறை தலைமுறையாக அதே ஊரில் வாழ்ந்தும், சாதியின் பெயரால் வரி வாங்க மறுத்து வெளியே நிறுத்தப்பட்டவர்களின் வரலாறும் இந்தக் கணக்கு நோட்டுகளில்தான் இருக்கிறது. அயலாராக இருக்க அயலூரிலிருந்து வந்திருக்க வேண்டியதில்லை என்பதை அது காட்டுகிறது. டொரண்டோவில் என் அக்காள் மகளும் இதையே வேறு சொற்களில் சொன்னாள். குடியுரிமை உறுதிமொழி எடுத்த நாளில் அவள் பெரிதாக எதையும் உணரவில்லை. எதிர்வீட்டு முதியவர் மகளைப் பார்க்க வெளியூர் போகும்போது வீட்டுச் சாவியை அவளிடம் கொடுத்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். அன்று இரவே என்னைக் கூப்பிட்டு, “சாவிய என்கிட்ட குடுத்துட்டுப் போறார் சித்தி” என்றாள்.

ஒடிசாக் குடும்பத்தோடு எங்கள் தெரு நெருங்கியது சோற்றால். ஒரு சித்திரை வெயிலில் அந்த வீட்டுப் பெண் தண்ணீரில் ஊறிய சோற்றை வெங்காயத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்த எதிர்வீட்டு அம்மாள், “இது நம்ம பழைய சோறுதான!” என்றார். அவர்கள் ஊரில் அதற்குப் பகாலா என்று பெயராம். அன்றிலிருந்து மோர் மிளகாய் அந்த வீட்டுக்குப் போயிற்று. ஆனாலும் ஆடிப் பண்டிகைக்கு வசூல் செய்ய வந்த பையன்கள் மூன்று ஆண்டுகளாக அந்த வாசலை மட்டும் தாண்டியே போய்க்கொண்டிருந்தார்கள். பாவம், கஷ்டப்படுகிறவர்கள், எதற்குக் கேட்பது என்ற நல்லெண்ணம்தான்.

போன ஆடியில் அந்தச் சிறுமி பின்னாலேயே ஓடிவந்து, “எங்க வீட்டுக்கு ஏன்ணா வரல?” என்று கேட்டாள். வசூல் பையன் ஒரு கணம் நின்று, திரும்பி வந்து படியில் உட்கார்ந்தான். உள்ளேயிருந்து தாய் இருநூறு ரூபாய் கொண்டுவந்து கொடுத்தாள். அவர்கள் வீட்டுக்காரரின் ஒடியாப் பெயரை எப்படி எழுதுவது என்று தெரியாமல் அவன் பேனாவை வைத்துக்கொண்டு யோசிக்க, சிறுமி ரசீதுப் புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துத் தன் அப்பாவின் பெயரைத் தமிழில் எழுதி, கீழே தெருப் பெயரையும் எழுதிக் கொடுத்தாள்.